கார்ல ஏறினா ஒரு வாடையா? ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்கிட்ட ஒரு வழி இருக்கு!

ஒரு வாரம் மழையில நின்ன காரை, எட்டாவது நாள் கதவைத் திறந்து பார்த்திருக்கீங்களா? ஈரச் சாக்கு, புளிச்ச மோர், ஜிம் ஷூ... மூணும் கூட்டணி வெச்ச மாதிரி ஒரு வாடை மூஞ்சியில அடிக்கும். எனக்கு அடிச்சது. செகண்ட் ஹேண்ட்ல ஆசையா வாங்கின குட்டிக் கார் அது.

நான் என்ன பண்ணினேன்? நீங்க பண்றதைத்தான். டேஷ்போர்டு மேல ஒரு மல்லிகை ஜெல், ஏசி வென்ட்ல ஒரு லெமன் கிளிப், கண்ணாடியில தொங்குற ஒரு அட்டை மரம். செலவு பண்ணினதுக்குக் கிடைச்சது, மல்லிகை வாசம் அடிக்கிற ஈரச் சாக்கு! முன் சீட்ல உட்கார்ந்த அம்மா, கோயில் வாசல் வரைக்கும் புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த அட்டை மரத்துக்கே ஒரு கதை உண்டு. 1950-களின் தொடக்கத்துல, வண்டியில கொட்டின பால் வாடை தாங்கலைனு அமெரிக்காவுல ஒரு பால் வண்டி டிரைவர் புலம்பினாராம். அதைக் கேட்ட ஜூலியஸ் சாமன் என்கிற வேதியியலாளர், வாசனை ஏத்தின அட்டை மரத்தைச் செஞ்சார்னு சொல்வாங்க. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனா, கொட்டின பால் என்ன ஆச்சுனு கதையில யாரும் சொல்றதில்லை.

இன்னைக்கு நாம பார்க்கப் போறது, அந்தப் பாலைப் பத்திக் கேட்டிருக்கக்கூடிய ஒருத்தரை. நர்ஸ்களோட தெய்வம், கைவிளக்கேந்திய காரிகைனு ஸ்கூல் புக்ல படிச்சிருப்பீங்களே, அதே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். ஜெர்மனியில கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டப்போ நைட்டிங்கேலுக்கு 65 வயசு. அடைச்ச இடத்துல ஏன் வாடை வருது, அதை எப்படிப் போக்கணும்னு அதுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னாடியே எழுதி முடிச்சுட்டார். அந்தப் பாடத்தை அவர் கத்துக்கிட்டதுக்கு ஆன விலைதான் கொஞ்சம் பெருசு. ஆயிரக்கணக்கான உயிர்கள்.

பெரிய வீட்டுப் பொண்ணு

1820 மே 12-ம் தேதி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். கல்யாணமான கையோடு கிளம்பிய நீண்ட ஐரோப்பியப் பயணத்தில்தான் இரண்டு மகள்களும் பிறந்தார்கள். நம்ம ஊர்ல பழனி, சிதம்பரம்னு பேர் வைக்கிற மாதிரி, பிறந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். அக்கா பிறந்தது நேப்பிள்ஸில். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப், அக்காவின் பெயரானது. அந்த வகையில் தங்கச்சி தப்பிச்சார்!

வசதிக்குக் குறைவில்லை. டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் இன்னொன்று. அப்பா வில்லியம் நைட்டிங்கேல் தானே உட்கார்ந்து மகள்களுக்கு லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். சின்ன மகளுக்குக் கணக்கு என்றால் உயிர். பட்டியல் போடுவது, எண்ணுவது, ஒப்பிடுவது எல்லாம் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

1837 பிப்ரவரியில், 16 வயதில், கடவுள் தன்னை ஒரு சேவைக்கு அழைத்ததாக உணர்ந்தார். அது நர்ஸ் வேலைதான் என்று முடிவுக்கு வரச் சில வருடங்கள் ஆயின. வீட்டில் சொன்னபோது பூகம்பம். அன்றைய ஆஸ்பத்திரி இன்றைய ஆஸ்பத்திரி இல்லை. காசுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். போக்கிடம் இல்லாதவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். உள்ளே நுழையும்போதே குமட்டும். நர்ஸ்கள் என்றாலே குடிப்பவர்கள், ஒழுங்கில்லாதவர்கள் என்ற பேச்சு. அந்த வாடைக்குள் நம் பெண்ணா?

இந்த இழுபறி பல வருஷம் ஓடியது. ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்பவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். அவரைப் பிடித்தும் இருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டார். எகிப்து, கிரீஸ் என்று பயணம் போனார். 1850-ல் ஏதென்ஸில் ஓர் ஆந்தைக் குஞ்சை மீட்டு, அதற்கு அதீனா என்று பெயர் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். (இன்னைக்கு இருந்திருந்தா அந்த ஆந்தைக்குத் தனி இன்ஸ்டா பக்கமே இருந்திருக்கும்.) 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதம் பயிற்சி. 1853-ல் ஒருவழியாக லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சின்ன மருத்துவ இல்லத்தின் மேற்பார்வையாளர் ஆனார். அப்போது வயது 33.

ஸ்குட்டாரி

அடுத்த வருடமே கிரிமியப் போர் சூடு பிடித்தது. ஒரு பக்கம் ரஷ்யா, மறுபக்கம் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி. காயம்பட்ட சிப்பாய்கள் கவனிப்பாரில்லாமல் கிடப்பதை டைம்ஸ் பத்திரிகை எழுத, லண்டன் கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் ஏற்கெனவே நைட்டிங்கேலுக்கு நண்பர். 1854 அக்டோபரில் 38 நர்ஸ்களோடு கிளம்பிய நைட்டிங்கேல், நவம்பர் 4-ம் தேதி ஸ்குட்டாரியில் இறங்கினார். இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரை அது.

துருக்கி ராணுவத்தின் பிரமாண்டமான படைவீட்டைத்தான் ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் அரண்மனை. உள்ளே? நீள நீளமான தாழ்வாரங்களில் இரண்டு வரிசைப் படுக்கைகள், நடுவில் ஆள் நடக்கத்தான் இடம். வயிற்றுப்போக்கு, காலரா, டைஃபஸ். கழிப்பறைகள் அடைத்து நிரம்பி வழிந்தன. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை மூடி வைத்திருந்தார்கள். கட்டடத்தின் அடியில் பெரிய பெரிய சாக்கடைக் குழிகள், சுத்தம் செய்யப்படாமல். காற்று அடிக்கும்போது அந்தக் குழிகளின் ஆவி கழிப்பறைக் குழாய்கள் வழியாக நேராக வார்டுக்குள் ஏறியது.

நைட்டிங்கேல் சும்மா இருக்கவில்லை. தரை தேய்க்கும் பிரஷ்களை வரவழைத்தார். பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொப்பரை வைத்து, சிப்பாய்களின் மனைவிகளை வேலைக்கு அமர்த்தி, துணி துவைக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்கெனத் தனிச் சமையல், புதுச் சட்டைகள், ஊருக்கு எழுதிய கடிதங்கள். ராத்திரியில் விளக்கோடு வார்டு வார்டாக நடந்தார். (அது படங்களில் வர்ற அலாவுதீன் விளக்கு இல்லை. துருக்கியில் கிடைக்கும், மடிப்பு மடிப்பான கூண்டு விளக்கு.) லண்டனில் அவர் பெயர் தேவதையானது.

ஆனால், சாவு குறையவில்லை. கூடியது.

அந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஸ்குட்டாரியில் 4,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். காயத்தில் செத்தவர்கள் கொஞ்சம். நோயில் செத்தவர்கள்தான் மிகப் பெரும்பாலானோர். 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்ட நூறு பேரில் 42 பேர் திரும்பவில்லை. துவைத்த போர்வை, நல்ல சூப், அன்பான கை எல்லாம் இருந்தும்!

மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் ஜான் சதர்லேண்ட், டாக்டர் ஹெக்டர் கேவின், பொறியாளர் ராபர்ட் ராலின்சன். அவர்கள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பார்த்தார்கள். தரைக்கு அடியில் பார்த்தார்கள். தண்ணீர் வரும் வழியைத் தோண்டிப் பார்த்தபோது, உள்ளே ஒரு செத்த குதிரை. ஆஸ்பத்திரிக்கு வந்த தண்ணீரின் ஒரு பகுதி அந்தக் குதிரையின் அழுகிய உடம்பைத் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டு வாரத்தில் 550-க்கும் மேற்பட்ட கைவண்டி, கூடை நிறையக் குப்பையை அள்ளினார்கள். செத்த பிராணிகளைப் புதைத்தார்கள். சாக்கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று போக வர மேலே திறப்புகள் வைத்தார்கள். ஜூன் மாதம், நூறுக்கு 42 என்றிருந்த சாவு, நூறுக்கு 2 ஆகியிருந்தது.

உங்க கார்ல குதிரை எங்கே?

கொஞ்சம் வண்டியை ஓரம் கட்டுவோம். உங்க காரும் ஒரு சின்ன ஸ்குட்டாரிதான். மேல சீட் கவர் பளபளனு இருக்கும். பிரச்னை எப்பவும் அடியில.

முதல்ல ரப்பர் மேட்டைத் தூக்குங்க. அதுக்குக் கீழ இருக்கிற கார்ப்பெட்டை உள்ளங்கையால அழுத்திப் பாருங்க. ஈரம் தெரியுதா? குறிப்பா, டிரைவருக்குப் பக்கத்து சீட்ல கால் வைக்கிற இடம். ஏசி ஓடும்போது உள்ள சேர்ற தண்ணி ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியா காருக்கு அடியில சொட்டணும். அந்த டியூப் தூசியால அடைச்சா, தண்ணி வெளிய போகாம உள்ள இறங்கிடும். கார்ப்பெட்டுக்குக் கீழ ஒரு ஸ்பான்ஜ் இருக்கு பாருங்க, அது குடிச்சுக்கிட்டே இருக்கும். மேல காஞ்ச மாதிரி தெரியும், கீழ பூஞ்சை குடித்தனம் நடத்தும்.

அடுத்து, டிக்கி. ஸ்டெப்னியை வெளிய எடுங்க. அந்தக் குழியில மழைத்தண்ணி தேங்கி நிக்கிறது ரொம்ப சகஜம். அப்புறம் சீட்டுக்கு அடியில கை விடுங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி உருண்டு போன எலுமிச்சம்பழம், பாப்பா கைநழுவ விட்ட பால் பாட்டில், பிரசாதமா வந்த வாழைப்பழம்... யாருக்கு எது கிடைக்குமோ!

பால் கொட்டிடுச்சா? சுடுதண்ணி ஊத்தாதீங்க. பாலோட புரதம் கெட்டியாகி நார்ல ஒட்டிக்கும். பச்சைத் தண்ணி விட்டு, காஞ்ச துணியால ஒத்தி ஒத்தி எடுங்க. தேய்ச்சா இன்னும் உள்ள போகும். இடம் காஞ்சப்புறம் ஆப்ப சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டுட்டு, காலையில வேக்குவம் போடுங்க. கிளீனிங் கடைகள்ல என்ஸைம் க்ளீனர் கேட்டு வாங்கினா இன்னும் நல்லது. அது வாடையை மூடறதில்லை, வாடைக்குக் காரணமானதையே சிதைச்சுடும்.

இனிமேல் யாரும் சாகக் கூடாது

1856 ஆகஸ்டில், வரவேற்பு விழாக்களுக்குப் பயந்து, மிஸ் ஸ்மித் என்ற பெயரில் ஊர் திரும்பினார் நைட்டிங்கேல். கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் உடம்பை உருக்கியிருந்தது. அங்கே மருத்துவமனைகளுக்கு இடையே போய்வர அவர் பயன்படுத்திய கூண்டு வண்டியைக்கூட, விற்றுவிடாமல் மீட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார் பிரபல சமையல் கலைஞர் அலெக்சிஸ் சோயர். அந்த அளவுக்கு ஊரே கொண்டாடியது.

அவரால் கொண்டாட முடியவில்லை. பிள்ளைகளைக் கிரிமியக் கல்லறைகளில் விட்டுவிட்டு வீடு திரும்பிய கெட்ட தாய் என்று தன்னைப் பற்றித் தனிக்குறிப்புகளில் எழுதிக்கொண்டார்.

1857-ல் புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து சாவுக் கணக்குகளைப் புரட்டினார். அதுவரை, சிப்பாய்கள் பசியாலும் குளிராலும் களைப்பாலும் சாகும் நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள் என்றே பெரும்பாலும் நம்பியிருந்தார். எண்கள் வேறு கதை சொல்லின. போர்முனைக்குப் பக்கத்திலிருந்த மோசமான கூடாரங்களைவிடத் தன்னுடைய ஆஸ்பத்திரியில்தான் அதிகம் பேர் செத்திருந்தார்கள். மூடிய ஜன்னல், அடைத்த சாக்கடை, நெருக்கம். அந்தக் குளிர்காலம் முழுக்க, சாவின் காரணத்துக்கு மேலேதான் அவர் விளக்கோடு நடந்திருந்தார். இந்த உண்மை அவரை எவ்வளவு உடைத்தது என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால், அதே 1857-ல் அவர் படுக்கையில் விழுந்தார் என்பதும், அதற்குப் பிறகு வாழ்க்கையின் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார் என்பதும் உண்மை.

என்னைக் கேட்டா, அவர் வாழ்க்கையில பெரிய தருணம் விளக்கு இல்லை, இதுதான். தேவதைனு நாடே கும்பிடும்போது, அந்தப் பேரைக் காப்பாத்திக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். மாறாக, தன் ஆஸ்பத்திரியின் சாவு எண்ணிக்கையையே வண்ணப் படமாக வரைந்தார். வட்டத்தைச் சுற்றி மாதத்துக்கு ஓர் இதழ். தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் நீலம், காயத்தால் செத்தவர்கள் சிவப்பு, மற்றவை கறுப்பு. நீலம் பூதாகரமாக விரிந்திருக்கும், சிவப்பு ஓரமாக ஒடுங்கியிருக்கும். எண்களைப் படிக்கச் சோம்பல்படும் அமைச்சர்களும் ராணியும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளட்டும் என்று. இன்ஃபோகிராஃபிக்னு இன்னைக்கு நாம ஸ்வைப் பண்றதுக்கெல்லாம் அது பெரியம்மா. 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

ஜன்னலைத் திற, கம்பளத்தைத் தூக்கு

அடுத்து வந்ததுதான் நமக்கு வேண்டிய புத்தகம். 1859 கடைசியில் அச்சாகி, 1860 தொடக்கத்தில் கடைக்கு வந்த ‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’. பெயரைப் பார்த்து நர்ஸ்களுக்கான பாடநூல் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. சுடச்சுட விற்றது. முதல் அத்தியாயமே காற்றோட்டம். நோயாளியைக் குளிர வைக்காமல், அறைக்குள் இருக்கும் காற்றை வெளிக்காற்று மாதிரியே சுத்தமாக வைப்பதுதான் முதல் கடமை என்கிறார். மருந்து, கஷாயம் எல்லாம் அப்புறம்.

படிக்கப் படிக்க, இந்தம்மா நம்ம காருக்குள்ள எட்டிப் பார்த்துட்டுத்தான் எழுதினாரோனு தோணும். கம்பளம் விரித்த நோயாளி அறையை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. வருஷக்கணக்கில் மிதிபட்டு அழுக்கைச் சேர்த்து வைக்கும் கம்பளம், அறையையே கெடுத்துவிடும் என்பார். தூசி தட்டுவதாகச் சொல்லிக்கொண்டு இறகுக் குஞ்சத்தால் விசிறுவது, தூசியை ஓரிடத்திலிருந்து கிளப்பி இன்னோர் இடத்தில் உட்கார வைக்கும் வேலைதான். ஈரத்துணியால் துடைத்து எடு என்பது அவர் கட்சி. டேஷ்போர்டை அந்தக் கலர் குஞ்சத்தால தட்டுறீங்க பாருங்க, அதேதான்! ஈரத்துணிகளை அறைக்குள்ளேயே உலர்த்தாதே, அந்த ஈரமெல்லாம் காற்றில்தான் சேரும் என்றும் எழுதினார். ஜிம் முடிச்சுட்டு ஈரத்துண்டைப் பின் சீட்ல விரிச்சுப் போடுற ஆசாமிகளே, கவனிக்க.

காலையில் ஜன்னல் திறப்பதற்கு முன் அடுத்தவர் படுக்கையறைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளே தூங்கினவருக்கு ஒண்ணும் தெரியாது, நுழையறவருக்குத்தான் தெரியும். மூக்கு சில நிமிஷத்துலயே எந்த வாடைக்கும் பழகிடும். அதனால உங்க கார் வாடையைச் சொல்ல வேண்டியது நீங்க இல்லை, புதுசா ஏறுற ஃப்ரெண்ட். அவர் ஏறினதும் ஒரு நொடி முகம் சுளிச்சாரானு பாருங்க, போதும்.

வாசனைப் புகை, கிருமிநாசினித் திரவம் எல்லாம் அப்போதும் ஃபேஷன். அதையெல்லாம் நம்பாதே, போக்க வேண்டியது வாடையை அல்ல, வாடைக்குக் காரணமான பொருளை என்பது நைட்டிங்கேலின் சட்டம். அதோடு ஒரு குறும்பும் சேர்த்தார். புகை போடுவது மிகவும் அவசியம் என்று ஒரு பிரபல மருத்துவப் பேராசிரியர் பாடம் எடுத்தாராம். ஏன்? அந்தப் புகை நாற்றம் தாங்காமலாவது ஜன்னலைத் திறப்பீர்களே என்று! எல்லாக் கிருமிநாசினிகளும் அப்படி ஜன்னலைத் திறக்க வைக்கும் நாற்றம் அடித்தால் நல்லது என்று ஒப்புக்கொள்கிறார் நைட்டிங்கேல்.

இப்போ உங்க ஏசிக்கு வருவோம். வளைஞ்ச அம்புக்குறி போட்ட கார் படம் உள்ள பட்டனைப் பார்த்திருப்பீங்க. அதை எப்பவும் ஆன்லயே வெச்சா, உள்ள இருக்கிற காத்தேதான் சுத்திச் சுத்தி வரும். நாலு பேர் விட்ட மூச்சு, ஈரம், பிரியாணி பார்சல் எல்லாம் அதே காத்துல. லாங் டிரைவ்ல அடைச்ச காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடினா தூக்கமும் வரும். புகை கக்குற லாரிக்குப் பின்னாடி போகும்போது அந்த பட்டன் சரி. மத்த நேரத்துல அப்பப்போ வெளிக்காத்தை விடுங்க. வீடு வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசியை ஆஃப் பண்ணி, ஃபேனை மட்டும் ஓட விடுங்க. உள்ள ஈரமா இருக்கிற குளிர் காயில் காஞ்சுடும். ஏசி போட்டதும் முதல்ல வர்ற அந்தப் புளிச்ச வாடை பெரும்பாலும் அங்கதான் பிறக்குது. நிறைய கார்கள்ல குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடி கேபின் ஃபில்டர் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்துங்க. பழசைக் கையில எடுத்துப் பார்த்தா, இவ்வளவு நாள் எது வழியா மூச்சு விட்டோம்னு பகீர்னு இருக்கும்.

தப்பான காரணம், சரியான வேலை

ஒண்ணை மறைக்கக் கூடாது. நைட்டிங்கேல் நம்பிய அறிவியல் தப்பு. கெட்ட காற்றே, அந்த நாற்றமே நோயைக் கொண்டுவருகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை, அவருடையதும். கிருமிகள்தான் காரணம் என்று பின்னால் நிரூபணமானது. அதை அவர் லேசில் ஏற்கவில்லை. 1880-களில்தான் ஓரளவு இறங்கி வந்தார். ஆனாலும், நாற்றத்தைத் துரத்திப் போய் அவர் தேய்க்கச் சொன்ன, கழுவச் சொன்ன, திறக்கச் சொன்ன இடங்களில்தான் கிருமிகளும் குடியிருந்தன.

நாற்றம் நோய் இல்லை, தகவல். கார்ல இது இன்னும் முக்கியம். பெட்ரோல் வாடை அடிச்சா, எரியுற ரப்பர் மாதிரி வந்தா, ஹீட்டர் போட்டதும் பாகு மாதிரி இனிப்பா ஒரு வாடை வந்தா (பெரும்பாலும் கூலன்ட் கசிவு), பெர்ஃப்யூமைத் தேடாதீங்க, மெக்கானிக்கைத் தேடுங்க. புகைக்குழாய் வாடை உள்ள வந்தா வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, வெளிய இறங்கிடுங்க. அதுல கலந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்குச் சுத்தமா வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும். கூட வர்ற புகை வாடை உங்களுக்குக் கிடைக்கிற ஒரு எச்சரிக்கை. அதையும் மல்லிகை ஜெல் போட்டு மூடினா என்ன ஆகும்? ஸ்டார்ட் பண்ணின கார்ல ஏசி போட்டு, கண்ணாடியை ஏத்திட்டுத் தூங்குறதும் அதனாலதான் ஆபத்து.

மெட்ராஸ் வரைக்கும்

1860 ஜூலையில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரிலேயே நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நர்ஸ் வேலை கௌரவமான தொழிலானது அங்கிருந்துதான். பக்கத்திலேயே இன்னொரு வேலையும் ஓடியது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் சுகாதாரத்தை ஆராய 1859-ல் அமைத்த ஆணையத்துக்காக, இந்தியப் படை முகாம்கள் அனைத்துக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பி, பதில்களை வண்டி வண்டியாக வாங்கிப் படித்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1863-ல் அறிக்கை வந்தது. அடுத்த வருடம் மெட்ராஸ், பம்பாய், வங்காளம் மூன்றிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்து வருடம் கழித்து அந்த 69 என்பது 18 ஆகிவிட்டதாக அவரே கணக்குக் காட்டினார். 1876-ல் தொடங்கிய மெட்ராஸ் பெரும் பஞ்சத்தைப் பற்றியும் லண்டன் பத்திரிகைகளில் எழுதினார். இத்தனைக்கும் இந்தியாவுக்கு அவர் ஒரு முறைகூட வந்ததில்லை. எல்லாம் லண்டன் படுக்கையறையிலிருந்து. ஜன்னல் திறந்திருந்ததானு கேட்காதீங்க, கண்டிப்பா திறந்துதான் இருந்திருக்கும்.

கடைசி வருடங்களில் பார்வை போனது. 1907-ல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருது, அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். 1910 ஆகஸ்ட் 13-ம் தேதி, 90 வயதில், தூக்கத்தில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. ஆடம்பரம் வேண்டாம் என்று அவரே சொல்லி வைத்திருந்ததால் குடும்பம் மறுத்துவிட்டது. ஹாம்ப்ஷயரின் ஈஸ்ட் வெல்லோ கிராமத்து தேவாலயத்தில், குடும்பக் கல்லறை. கல்லில் அவர் முழுப் பெயர்கூட இல்லை. எஃப்.என். என்ற இரண்டு எழுத்து, பிறந்த தேதி, இறந்த தேதி.

என் கார் கதையைப் பாதியில விட்டுட்டேன் இல்ல? கடைசியில தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் மூணு ஏர் ஃப்ரெஷ்னரையும் ஒரு பார்வை பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. முன் சீட் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை ஒரு அழுத்து அழுத்தினார். விரல் நடுவுல பழுப்புத் தண்ணி. காருக்கு அடியில படுத்து, ஏசி டியூபைக் கழட்டி, வாயால ஒரு ஊது. களிமண் உருண்டை மாதிரி ஒண்ணு வந்து விழுந்தது. கார்ப்பெட்டைப் பிரிச்சு ரெண்டு நாள் மொட்டை மாடி வெயில்ல காயப் போட்டோம். மூணாவது நாள் ஏசியைப் போட்டுட்டு, கீழ குனிஞ்சு பார்த்தேன். சொட்டு... சொட்டு... சொட்டு. தெரு நாய் ஒண்ணு வந்து அதை நக்கிட்டுப் போச்சு.